இருளை எடை போட்டவர்கள்

(வெள்ளகோவிலில் ஆசிரியர்கள், மாணவர்கள், மில் மற்றும் பனியன் தொழிலாளர்கள் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வானத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் மின்னுகிறவற்றைக் காட்டிவிட்டுப் போவார்கள். நான் இன்று இருட்டைக் காட்டலாம் என்று வந்திருக்கிறேன். நட்சத்திரங்களுக்கு இடையே கறுப்புத் திட்டுகளாகக் கிடக்கும் மேகங்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அவற்றின் எடை எவ்வளவு, உள்ளே எங்கே அடர்த்தி, எங்கே நெகிழ்வு, எது அவற்றைச் சரிந்துவிடாமல் தாங்குகிறது என்பதையெல்லாம் பூமியில் இருந்துகொண்டே அளக்கிறார்கள். எப்படி அளக்கிறார்கள், அதில் நம்மவர்கள் செய்தது என்ன என்று பார்ப்போம். சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மேகங்களை நம் கண்ணுக்கு மறைப்பது தூசி. அவற்றை அளக்க நமக்குக் கிடைத்திருக்கும் அளவுகோலும் அதே தூசிதான்.

எங்கே பார்ப்பது?

ஆனி மாதத்தில் நிலா இல்லாத ஓர் இரவு, பத்து மணி வாக்கில், கரூர் சாலை விளக்குகளை விட்டு விலகி ஏதாவது தோட்டத்துப் பக்கம் போய்த் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில், பாதி உயரத்துக்குச் சற்று மேலே சிவப்பாக ஒரு நட்சத்திரம் நிற்கும். அதுதான் கேட்டை. அதற்கு மேற்கே அனுஷம். தென்கிழக்கே வளைந்து இறங்கும் வாலின் நுனியில் மூலம். அந்த வாலை ஒட்டி வடகிழக்காகப் பால்வெளி மங்கலான வெண்மையாக ஏறிப் போகும். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் கொடுத்தால், அந்த வெண்மை ஒரே சீராக இல்லை என்பது தெரியவரும். நடுநடுவே கறுப்புப் பட்டைகள். நட்சத்திரங்கள் அள்ளிக் கொட்டிக் கிடக்கும் இடத்தில் திடீரென்று ஒன்றுமே இல்லாததுபோல் ஒரு பரப்பு.

இங்கிலாந்தில் 1780களில் வில்லியம் ஹெர்ஷெல் இதே விருச்சிகப் பகுதியைத் தொலைநோக்கியில் துழாவிக்கொண்டிருந்தார். 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் அவர். அந்தக் கறுப்புப் பரப்பு வந்ததும் நெடுநேரம் பேசாமல் பார்த்துவிட்டு, வானத்தில் இங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று சொன்னாராம். பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தங்கை கரோலின் முதுமையில் அதை நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார்.

அதே ஹெர்ஷெல் 1800ஆம் ஆண்டில் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வெப்பம் இன்னும் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. ஆக, ஓட்டை என்று சொன்னவரும் அவர்தான். அந்த ஓட்டைக்குள் ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஒளியைக் கண்டவரும் அவர்தான். இரண்டையும் சேர்க்கும் கருவி வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஓட்டையா, திரையா?

ஓட்டை என்ற எண்ணம் போக வெகுகாலம் பிடித்தது. அதைப் போக்கியதில் பெரும்பங்கு எட்வர்டு எமர்சன் பார்னார்டு என்ற அமெரிக்கருடையது. நாஷ்வில் நகரத்தில் ஓர் ஏழைக் குடும்பம். அவர் பிறக்கும் முன்பே தகப்பனார் இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் போனது இரண்டே மாதம். ஒன்பது வயதில் போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கற்ற கைத்தொழில்தான் பின்னாளில் அவரைப் பால்வெளியை முறையாகப் படம் பிடித்தவர்களில் முதல்வரிசைக்குக் கொண்டுவந்தது.

1913 கோடையில் ஓர் இரவு, சிகாகோவுக்கு அருகேயுள்ள எர்க்ஸ் வானாய்வகத்தில் அவர் தென்திசைப் பால்வெளியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அப்போது நம் பூமியின் சின்னஞ்சிறு மேகத் துணுக்குகள் சில அந்த வெண்மைக்குக் குறுக்கே நகர்ந்தன. வெளிச்சப் பின்னணியில் அவை மைத்துளியாகக் கறுத்துத் தெரிந்தன. தன் போட்டோத் தகடுகளில் பல்லாண்டாகப் பார்த்துவந்த கறுப்புத் திட்டுகளும் இப்படிக் குறுக்கே நிற்கும் பொருள்களாகத்தானே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வலுப்பட்டது. 1919இல் அப்படிப்பட்ட 182 திட்டுகளை வரிசை எண் போட்டு வெளியிட்டார். இன்றும் அந்த எண்களில்தான் அவற்றைக் குறிப்பிடுகிறோம். அவற்றில் 68ஆம் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1930இல் ராபர்ட் டிரம்ப்ளர், தொலைவில் உள்ள நட்சத்திரக் கூட்டங்கள் இருக்க வேண்டிய அளவைவிட மங்கலாகவும் சிவந்தும் தெரிகின்றன என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். வெட்டவெளி என்று நாம் நினைக்கும் இடத்தில் தூசி இருக்கிறது என்பது அதோடு உறுதியாயிற்று. 1947இல் பார்ட் பாக், இந்தச் சிறிய கறுப்பு உருண்டைகளுக்குள்தான் நட்சத்திரங்கள் பிறக்க வேண்டும் என்று எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது ஊகமாகவே இருந்தது. 1983இல் ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோள் வானம் கிட்டத்தட்ட முழுவதையும் அளந்தது. அந்தத் தரவை வைத்து, இந்த உருண்டைகள் பலவற்றுக்குள் பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்களின் வெப்பம் 1990 வாக்கில் கண்டறியப்பட்டது. பாக் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் சொன்னது சரியாயிற்று.

தூசி என்றால் எது?

இந்தத் தூசி ஒவ்வொன்றின் அளவும் ஏறத்தாழ 0.1 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. மணலில் உள்ள சிலிக்கேட் வகைக் கனிமங்களும் கரியும்தான் மூலப்பொருள். வயதான நட்சத்திரங்கள் தம் மேலுறையை வெளியே உதறும்போதும், பெரிய நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறும்போதும் அந்த வாயு குளிர்ந்து துகளாகிறது.

மேகத்தின் எடையில் தூசி நூற்றில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் வாயு, அதிலும் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறு. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. மேகத்தின் உள்ளே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 263 டிகிரி செல்சியஸ் வாக்கில். அந்தக் குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு எந்தக் கதிரையும் வெளிவிடாது. சரக்கில் 99 பங்கு ஊமையாக நிற்கிறது. மிச்சமுள்ள ஒரு பங்குத் தூசியிடம் கேட்டுத்தான் முழுச் சரக்கின் எடையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒளியின் அலைநீளம் துகளின் அளவை ஒட்டி இருந்தால் துகள் அதை விழுங்கும், அல்லது சிதறடிக்கும். அலைநீளம் துகளைவிடப் பல மடங்கு நீண்டுவிட்டால் பெரும்பகுதி தடையில்லாமல் போய்விடும். கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளி 0.55 மைக்ரான். அகச்சிவப்பில் வானியலாளர்கள் பயன்படுத்தும் 'கே' பட்டை 2.2 மைக்ரான். நான்கே மடங்குதான் வேறுபாடு, விளைவைப் பாருங்கள். ஓர் அடர்ந்த மேகத்தின் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளியை 30 மேக்னிட்யூட் (பிரகாசத்தை அளக்க வானியலாளர்கள் கையாளும் அலகு) மங்கச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மிடம் வரும் என்பது அதன் பொருள். எந்தத் தொலைநோக்கியாலும் அதைப் பிடிக்க முடியாது. அதே மேகம் 'கே' பட்டையில் மூன்று மேக்னிட்யூடுக்குச் சற்று மேல்தான் மறைக்கிறது. இருபதில் ஒரு பங்கு ஒளி வந்து சேர்கிறது. அதை நன்றாகவே அளக்கலாம்.

செக்கிங் டேபிளும் வானமும்

இங்கே பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்த்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். ரோலை மெஷினில் ஏற்றி, பின்னால் டியூப் லைட் போட்டு ஓட்டுகிறீர்கள். வெளிச்சம் கூடுதலாக வரும் இடத்தில் துணி மெலிந்திருக்கிறது, குறைந்தால் தடித்திருக்கிறது. துணியின் அமைப்பு முழுவதையும் பின்னால் இருக்கும் விளக்கு சொல்லிவிடுகிறது. இருண்ட மேகத்தை அளப்பதும் இதே வேலைதான். மேகத்துக்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரங்களே டியூப் லைட்.

ஒரு வேறுபாடு உண்டு. உங்கள் டியூப் லைட்டின் வெளிச்சம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நட்சத்திரம் மங்கலாக இருந்தால், இயல்பிலேயே மங்கலா, தொலைவினாலா, மேகத்தினாலா என்று எப்படிச் சொல்வது? 1994இல் சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா முதலியோர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பிரகாசத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பார்த்தார்கள். அகச்சிவப்பில் 'எச்', 'கே' என்று அடுத்தடுத்து இரண்டு பட்டைகள். சாதாரண நட்சத்திரங்கள் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கிட்டத்தட்ட ஒன்றேதான். தூசி வழியே வரும்போது 'எச்' கூடுதலாக வெட்டுப்படும், 'கே' குறைவாக. ஆகவே நட்சத்திரம் எவ்வளவு கூடுதலாகச் சிவந்திருக்கிறதோ அவ்வளவு தூசி வழியில் இருக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரமும் தன் நேர்கோட்டில் உள்ள தூசிக்கு ஓர் அளவு தந்துவிடுகிறது. ஆயிரம் நட்சத்திரம் இருந்தால் ஆயிரம் இடத்தில் அளந்தாயிற்று.

வாயுவுக்கும் தூசிக்கும் உள்ள விகிதம் தெரியும் என்பதால், அந்த அளவை அப்படியே எடையாக மாற்றலாம். உங்கள் தொழிலில் ஜி.எஸ்.எம். என்கிறீர்களே, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று, அந்தக் கணக்கேதான். ஒரு மேக்னிட்யூட் மறைப்புக்கு ஏறத்தாழ 44 கிராம் வாயு. 30 மேக்னிட்யூட் மறைக்கும் மேக நடுப்பகுதிக்கு ஏறத்தாழ 1,300 ஜி.எஸ்.எம். நாம் போட்டிருக்கும் பனியன் துணி 160, 180 ஜி.எஸ்.எம். அந்தத் துணியை எட்டு அடுக்காகப் போட்டால் வரும் எடைதான் அந்த மேகத்தின் முழுக் கனத்துக்கும். அதிலும் தூசியை மட்டும் பிரித்தால் 13 ஜி.எஸ்.எம். கைக்குட்டைக்குக்கூடத் தேறாது. அந்த 13 கிராம்தான் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மறைக்கிறது. துகள் அவ்வளவு நுண்ணியதாக இருப்பதால்தான் இது முடிகிறது. அதே 13 கிராமை ஒரே கல்லாக உருட்டி வைத்தால் எதையும் மறைக்காது.

68ஆம் எண்

இப்போது பார்னார்டின் 68ஆம் எண்ணுக்கு வருவோம். கேட்டைக்குக் கிழக்கே, சர்ப்பதாரி என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டத்தில், 400 முதல் 500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. குறுக்களவு ஏறத்தாழ 0.4 ஒளியாண்டு. ஐரோப்பியத் தென்வான் ஆய்வகம் சிலி நாட்டிலிருந்து எடுத்த அதன் படம் உலகப் புகழ் பெற்றது. நட்சத்திர வெளியின் நடுவே கன்னங்கரேலென்று ஓர் உருவம். அதே இடத்தை அகச்சிவப்பில் எடுத்த படத்தில் மேகம் காணாமல் போய், பின்னால் இருக்கும் நட்சத்திரங்கள் சிவந்து தெரிகின்றன.

ஜோவோ ஆல்வெஸ், சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா மூவரும் அந்தப் பகுதியில் தெரியும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் நிறத்தை அளந்து, 2001 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். மேகத்தின் எடை சூரியனைப் போல் இரண்டு மடங்கு. பூமியைப் போல் ஏறத்தாழ 6,70,000 மடங்கு.

எடையைவிட முக்கியமானது அமைப்பு. நடுவிலிருந்து விளிம்பு வரை அடர்த்தி எப்படி இறங்குகிறது என்று ஒரு வளைகோடு வரைந்தார்கள். தன் ஈர்ப்பினால் உள்ளே சுருங்கப் பார்க்கும் வாயு உருண்டையும், அதை வெளியே தள்ளும் வாயு அழுத்தமும் சமமாக நின்றால் எந்த வளைகோடு வர வேண்டும் என்று 1950களில் போனர், எபர்ட் என்ற இருவர் தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அளந்த கோடு அந்தக் கணக்குக் கோட்டின் மேல் அச்சாக உட்கார்ந்தது. அதுமட்டுமல்ல, அந்தக் கணக்கில் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் உருண்டை நிலைக்காது, சரிந்து நட்சத்திரமாகும். 68ஆம் எண் அந்த எல்லையிலேயே நிற்கிறது. 2009இல் ஆல்வெஸும் ஆண்ட்ரியாஸ் புர்க்கெர்ட்டும் இன்னொன்றைக் காட்டினார்கள். பக்கத்தில் ஒரு சிறிய மேகத் துண்டு அதோடு வந்து மோதிக்கொண்டிருக்கிறது. அது சேர்ந்ததும் சரிவு தொடங்கிவிடும் என்பது அவர்கள் முடிவு. எல்லாம் பின்னால் இருக்கும் நட்சத்திரங்களின் நிறத்தை அளந்ததில் வந்த சேதி.

நம் நாட்டில் நடந்தது

அகச்சிவப்பில் பார்க்க ஒரு பெரிய இடையூறு நம் காற்றில் இருக்கும் நீராவி. அகச்சிவப்புக் கதிரை அது வழியிலேயே குடித்துவிடும். ஆகவே உயரமும் வறட்சியும் வேண்டும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு 1960இல் இயக்குநராக வந்த வைணு பாப்பு, நட்சத்திரங்களைப் பார்க்க ஏற்ற இடத்தைத் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கே வேலை தொடங்கியது. தென்வானம் நன்றாகத் தெரியும் இடம். ஆனால் உயரம் 725 மீட்டர்தான். அகச்சிவப்புக்கு இன்னும் மேலே போக வேண்டியிருந்தது.

இரண்டு வழிகளில் போனார்கள். ஒன்று, பலூன். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஹைதராபாத்தில் பலூன் தளம் ஒன்றை நடத்துகிறது. மெல்லிய பாலித்தீன் படலத்தைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டி, பலூனையும் அங்கேயே செய்கிறார்கள். அந்த நிறுவனத்தார் ஒரு மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை அதில் கட்டி 30 கிலோமீட்டருக்கு மேலே அனுப்பினார்கள். அந்த உயரத்தில் நீராவியின் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. திரவ ஹீலியத்தால் குளிர வைத்த உணர்கருவிகள், 120 முதல் 300 மைக்ரான் வரையிலான தொலை அகச்சிவப்பில் தூசியே வெளிவிடும் வெப்பத்தைப் பதிவு செய்தன. விடிந்ததும் கருவி பாராசூட்டில் இறங்கும். எங்கே விழுந்ததோ அங்கே போய் எடுத்து வந்து, பழுது பார்த்து மறுபடியும் அனுப்புவார்கள். இதுவரை நான் சொன்ன முறை, தூசி எதை மறைக்கிறது என்று பார்ப்பது. இந்த முறை, தூசி எதை வெளிவிடுகிறது என்று பார்ப்பது. இரண்டும் ஒரே எடையைச் சொன்னால்தான் கணக்கு சரி.

இரண்டாவது வழி, மலை. ராஜஸ்தானில் மவுன்ட் அபுவின் குருசிகரத்தில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் 1.2 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி 1990களில் வந்தது. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இரண்டு மீட்டர் தொலைநோக்கி 2000ஆம் ஆண்டில் முதல் ஒளியைக் கண்டது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டு, செயற்கைக்கோள் தொடர்பு வழியாக அதை இயக்குகிறார்கள். அதற்கு இமாலயச் சந்திரா தொலைநோக்கி என்று பெயர். சந்திரா என்பது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் தந்த கணக்கு

சந்திரசேகர் என்றதும் இறந்த நட்சத்திரங்களின் எடைக்கு அவர் போட்ட எல்லையையும் 1983இல் பெற்ற நோபல் பரிசையும் சொல்வோம். இருண்ட மேகங்களுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1937இல் அவர் வேலைக்குச் சேர்ந்தது, பார்னார்டு சாகும்வரை உழைத்த அதே எர்க்ஸ் வானாய்வகத்தில். 1950களின் தொடக்கத்தில் கைடோ முன்ச் என்பவரோடு சேர்ந்து, பால்வெளியின் பிரகாசம் இடத்துக்கு இடம் ஏறி இறங்குவதை இடையில் உள்ள மேகங்களைக் கொண்டு விளக்கும் கட்டுரைத் தொடர் ஒன்றை எழுதினார்.

அதற்கு முன்பே, 1946இல் அவர் ஒன்று சொல்லியிருந்தார். மிக வெப்பமான நட்சத்திரங்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி, எல்லாத் திசையிலும் சமமாக அதிராமல் ஒரு திசையில் கூடுதலாக அதிர வேண்டும் என்பது அவர் கணக்கு. தளவிளைவு என்கிறோமே, அதுதான். இதைச் சோதிக்கப் போன ஹில்ட்னர், ஹால் என்ற இருவர் 1949இல் வேறொன்றைக் கண்டார்கள். தளவிளைவு இருந்தது. ஆனால் அது நட்சத்திரத்தில் உண்டானதல்ல. எந்த நட்சத்திரத்தின் ஒளி அதிகத் தூசி வழியே வந்ததோ அதில்தான் அதிகமாக இருந்தது.

காரணம் இதுதான்: தூசித் துகள்கள் உருண்டையாக இல்லை, ஒரு பக்கம் நீண்டவை. காந்தப் புலம் அவற்றை ஒரே வாக்கில் திருப்பி நிறுத்துகிறது. நீண்ட பக்கத்தின் திசையில் அதிரும் ஒளியைத் துகள் கூடுதலாக விழுங்கும். மிஞ்சி வரும் ஒளியின் அதிர்வுத் திசை காந்தப் புலத்தின் திசையைச் சொல்லிவிடும். 1953இல் சந்திரசேகரும் என்ரிகோ ஃபெர்மியும் இதிலிருந்து காந்தப் புலத்தின் வலிமையையே கணக்கிட வழி சொன்னார்கள். புலம் வலுவாக இருந்தால் வாயுவின் கொந்தளிப்பு அதை வளைக்க முடியாது, திசைகள் எல்லாம் ஒரே சீராக இருக்கும். பலவீனமாக இருந்தால் தாறுமாறாகும். திசைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன, வாயு எவ்வளவு வேகமாகக் கலங்குகிறது, அடர்த்தி எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்தால் போதும். பால்வெளியின் சுருள்கரத்துக்கு அவர்கள் பெற்ற விடை காஸ் என்ற அலகில் பத்து லட்சத்தில் ஏழு பங்கு. நம் பூமியின் காந்தப் புலத்தில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. இன்று உலகெங்கும் இருண்ட மேகங்களின் காந்தப் புலத்தைப் பேசும் கட்டுரைகள் சந்திரசேகர் பெயரால் வழங்கும் இந்த முறையைத்தான் பெரும்பாலும் கையாள்கின்றன.

அந்தக் கணக்கு நம் நாட்டிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. சில்சாரில் உள்ள அசாம் பல்கலைக்கழகத்தின் ஏ.கே. சென், புனே நகரத்து வானியலாளர்களோடு சேர்ந்து, மவுன்ட் அபு தொலைநோக்கியில் எட்டு இருண்ட உருண்டைகளுக்குப் பின்னால் தெரியும் நட்சத்திரங்களின் தளவிளைவை அளந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். நைனிடாலில் 104 செ.மீ. தொலைநோக்கியைக் கொண்டு இன்னும் பல மேகங்களுக்கு அப்படிப்பட்ட வரைபடங்கள் வந்திருக்கின்றன.

இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த மகேஸ்வர் கோபிநாதனும் எச்.சி. பட்டும் செய்த வேலையை இந்த அவைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மேகத்தின் எடையைச் சொல்ல வேண்டுமானால் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். தொலைவில் இரண்டு மடங்கு பிழை வந்தால் எடையில் நான்கு மடங்கு பிழை. இருண்ட மேகத்துக்கு ஒளியே இல்லை. தொலைவை எப்படிக் கேட்பது? இவர்கள் இப்படி யோசித்தார்கள். மேகத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நட்சத்திரங்கள் சிவந்திருக்க மாட்டா. அந்தப் பக்கம் இருப்பவை சிவந்திருக்கும். ஒவ்வொரு நட்சத்திரத்தின் தொலைவையும் சிவப்பையும் நிறங்களிலிருந்தே கணக்கிட்டு வரிசைப்படுத்தினால், எந்தத் தொலைவில் சிவப்பு சட்டென்று ஏறுகிறதோ அங்கே மேகம் நிற்கிறது. 2006இல் ஒன்பது இருண்ட உருண்டைகளுக்கு இப்படித் தொலைவு கண்டார்கள். அதற்கு வேண்டிய அகச்சிவப்பு அளவீடுகள் டூமாஸ் என்ற அமெரிக்கத் திட்டத்திலிருந்து வந்தவை. அகச்சிவப்புத் தொலைநோக்கி அவர்களுடையது, கேள்வியும் அதற்கு விடை காணும் வழியும் பெங்களூருக்காரர்களுடையவை.

இன்னும் தீராதவை

2009 முதல் 2013 வரை இயங்கிய ஹெர்ஷெல் விண்தொலைநோக்கி, மேகங்கள் பெரும்பாலும் நீண்ட இழைகளாகக் கிடப்பதைக் காட்டியது. பல இழைகளின் அகலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு ஒளியாண்டு. ஏன் அந்த அகலம், எல்லா இழைக்கும் அது பொருந்துமா என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. மேகத்தில் இருக்கும் சரக்கில் சில சதவீதம்தான் நட்சத்திரமாகிறது. மிச்சத்தைத் தடுத்து நிறுத்துவது காந்தப் புலமா, கொந்தளிப்பா, பிறந்த நட்சத்திரங்களின் சீற்றமா, ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்பதிலும் ஒத்த கருத்து இல்லை.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் கமீலியன் மேகத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு நட்சத்திரங்களின் ஒளியைப் பகுத்தது. மேகத்துத் தூசியின் மேல் தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, அம்மோனியா, மீத்தேன், மெத்தனால் எல்லாம் பனிக்கட்டியாக உறைந்திருப்பது தெரிந்தது. சூரியனும் பூமியும் உண்டாவதற்கு முன் இப்படியொரு மேகம்தான் இங்கே இருந்தது. நாம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி அந்தப் பனியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். டூமாஸ் பட்டியலில் 47 கோடி நட்சத்திரப் புள்ளிகளின் 'ஜே', 'எச்', 'கே' அளவீடுகள் இருக்கின்றன. இணையத்தில் இலவசம். உத்தரவு கேட்க வேண்டியதில்லை, கட்டணம் கட்ட வேண்டியதில்லை. பார்னார்டு எண்ணிட்ட திட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களை இறக்கிக்கொள்ளுங்கள். 'எச்' எண்ணிலிருந்து 'கே' எண்ணைக் கழியுங்கள். மேகத்துக்கு வெளியே இருக்கும் நட்சத்திரங்களின் சராசரியை அதிலிருந்து கழியுங்கள். வருவதைப் பதினாறால் பெருக்கினால் எத்தனை மேக்னிட்யூட் மறைப்பு என்று கிடைக்கும். 44ஆல் பெருக்கினால் அந்த இடத்தின் ஜி.எஸ்.எம். பிளஸ் டூ கணக்கு போதும். பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் போதும். முதலில் தெரிந்த மேகத்தில் செய்து, விடை சரியாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு யாரும் அதிகம் தொடாத ஒரு மேகத்துக்குப் போங்கள். விடை வந்ததும் ஆசிரியரிடம் காட்டி, எங்கே தப்பு வந்திருக்கலாம் என்று சண்டை போடுங்கள். அறிவியல் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.